ஆன் ஆர்பரில் நவம்பர் கடைசி சனிக்கிழமை

கேள்வி: மிஷிகன் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேரப் போகிறேன். அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஓஹாயோ ஸ்டேட்டுடன் நடக்கும் ஆட்டத்தை மட்டும் விட்டுவிடாதே என்று சீனியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

பதில்:

கட்டாயம் போங்கள். நானும் விதிமுறை ஒன்றும் தெரியாமல்தான் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரில் இறங்கினேன். 2021 நவம்பர் 27 அன்று அந்த மைதானத்தில் நின்றேன். இத்தனை நாள் கழித்தும் அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது இரண்டு கல்லூரிகளின் சண்டை மட்டும் இல்லை. 1835-ல் டொலீடோ ஊர் யாருக்கு என்று மிஷிகனும் ஓஹாயோவும் ஆயுதப் படையைத் திரட்டி எல்லையில் நிறுத்தின. கடைசியில் டொலீடோ ஓஹாயோவுக்குப் போனது, மிஷிகனுக்கு வடக்கே இருக்கும் பெரிய தீபகற்பம் கிடைத்தது. 1897-ல் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஃபுட்பாலில் முதல்முறை மோதின. 1918-லிருந்து வருஷம் தவறாமல் ஆடின. 2020-ல் மட்டும் கொரோனாவால் நின்றுபோனது. இரண்டு ஊர்க்காரர்களும் இதை வெறுமனே 'தி கேம்' என்கிறார்கள். அப்படிச் சொன்னாலே எது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க ஊரின் முகமே மாறிவிடும். கொலம்பஸில், ஓஹாயோ ஸ்டேட் வளாகத்தில், பெயர்ப்பலகைகளில் இருக்கும், மிஷிகனின் முதல் எழுத்தான 'எம்' மேலெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். இந்த ஆட்டத்தை ஒட்டி ரத்த தானத்திலும் போட்டி உண்டு. யார் அதிகம் கொடுத்தார்கள் என்று இரண்டு பல்கலைக்கழகங்களும் 1982-லிருந்து கணக்கு வைக்கின்றன. நானும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு ஊரோடு ஒட்டிக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர். 1969 ஆட்டத்துக்கு அவரைச் சிறுவனாக அவருடைய அப்பா கூட்டிப்போயிருக்கிறார். அந்த வருஷம் ஓஹாயோவை யாராலும் அசைக்க முடியவில்லை, தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்து வந்திருந்தார்கள். அவர்களுடைய கோச் வுடி ஹேய்ஸ். மிஷிகனுக்குப் புதிதாக வந்த கோச் போ ஷெம்பெக்லர், அதே ஹேய்ஸிடம் ஆடி, அவரிடமே உதவி கோச்சாகவும் இருந்தவர். குருவை சிஷ்யன் 24-12 என்று சாய்த்தார். வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது ஸ்கோர் வந்ததும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிடுவார். குழந்தைகள் பிறந்த தேதியைச் சொல்வது போலத்தான் இந்த ஸ்கோர்களை அவர்கள் சொல்கிறார்கள்.

2012 முதல் 2019 வரை எட்டு ஆட்டமும் மிஷிகனுக்குத் தோல்வி. கோச் ஜிம் ஹார்பா, அதே மிஷிகனுக்காக ஆடியவர், கோச்சாக ஓஹாயோவை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. அந்த நிலைமையில்தான் நான் போனேன்.

ஆட்டம் மதியம் 12 மணிக்கு. நாங்கள் காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். மைதானத்துக்கு எதிரே இருக்கும் கோல்ஃப் மைதானம் அன்று கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். காரின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, புகையும் வாசனையுமாக ஒரு திருவிழா. டெயில்கேட் என்பார்கள். எங்கள் அறை நண்பன் ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி டீ போட்டுக் கொண்டுவந்திருந்தான். பக்கத்துக் காரில் இருந்த குடும்பம் அதை வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு தட்டு நிறையச் சுட்ட சோளம் கொடுத்தது. சிவப்புச் சட்டை போட்ட ஓஹாயோ ஆட்கள் கடந்து போனால் கூச்சல் கிளம்பும். அப்புறம் அவர்களையே கூப்பிட்டு நெருப்பருகே நிற்கவைப்பார்கள். குளிர் எல்லோருக்கும் ஒன்றுதானே.

மிஷிகன் மைதானத்தைத் தெருவிலிருந்து பார்த்தால் அதன் அளவு பிடிபடாது. 1927-ல் திறந்த அந்த மைதானத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. வாசலில் நுழைந்து நாலு அடி வைத்தால், காலடியிலிருந்து ஒரு பெரிய கிண்ணம் சரிந்து இறங்கும். 1,07,601 பேருக்கான இடம் அது. அன்று அதையும் தாண்டிய கூட்டம். எங்கு பார்த்தாலும் மிஷிகனின் நிறங்களான சோள மஞ்சளும் நீலமும். நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் தோளைத் தட்டி, "முதல் தடவையா?" என்று கேட்டுவிட்டு, நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

ஆட்டத்துக்கு முன் பேண்டு குழு ஓடிவரும். அதன் தலைவர் முதுகை வளைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து, தொப்பி தரையில் படும்வரை போவார். அப்புறம் வீரர்கள் சுரங்கப்பாதையிலிருந்து பாய்ந்து வந்து, துள்ளி அந்த நீல பேனரைத் தொடுவார்கள். 1898-ல் லூயி எல்பெல் என்ற மாணவர் எழுதிய பாட்டு, 'தி விக்டர்ஸ்', அப்போது கிளம்பும். 'ஹெயில்' என்று வரும் இடமெல்லாம் முஷ்டி மேலே போகும். பத்து நிமிடத்தில் எனக்கும் பாட்டு மனப்பாடம்.

விதிமுறைக்குக் கவலைப்படாதீர்கள். நாலு முயற்சியில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு. அவ்வளவு தெரிந்தால் போதும். கற்றுக்கொள்ள வேண்டியது சத்தம் போடுவதைத்தான். நம் அணியிடம் பந்து இருந்தால் மொத்தக் கூட்டமும் அடங்கிவிடும். எதிரணியிடம் போனதும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் வீரர், சொல்வது அவர்கள் ஆட்களுக்கே கேட்கக் கூடாது. மாணவர்கள் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டுவார்கள். அன்று ஓஹாயோ வீரர்கள் குரல் கேட்காமல் பலமுறை முந்தி நகர்ந்து அபராதம் வாங்கினார்கள். ஒவ்வொரு தடவையும், இது நம் தொண்டையால் நடந்தது என்று தெரியும்போது வரும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

பாதி ஆட்டத்தில் 14-13, மிஷிகன் முன்னிலை. பனி பெய்துகொண்டே இருந்தது. இரண்டாம் பாதியில் ஹசன் ஹாஸ்கின்ஸ் பந்தை வாங்கி வாங்கி முட்டிக்கொண்டு போனார். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவதை டச்டவுன் என்பார்கள். அன்று அவர் மட்டும் ஐந்து டச்டவுன். இன்னொரு பக்கம் எய்டன் ஹட்சின்சன் ஓஹாயோ குவார்ட்டர்பேக்கை மூன்று தடவை வீழ்த்தினார். ஹட்சின்சனின் அப்பாவும் அதே மிஷிகனுக்கு ஆடியவர். 35-27 என்று நின்றபோது என்னைச் சுற்றி ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டுத் தோல்வி பார்த்தவர்கள், நம்பப் பயந்தார்கள். கடைசி டச்டவுனில் 42-27 ஆனதும் பக்கத்தில் இருந்த, பெயர்கூடத் தெரியாத பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு டச்டவுனுக்கும் பாடும் 'தி விக்டர்ஸ்' பாட்டை ஆறாவது தடவையாகப் பாடினோம்.

மணி ஓய்ந்ததும் கூட்டம் அப்படியே மைதானத்துக்குள் இறங்கியது. நானும் இறங்கினேன். பனி நனைத்த செயற்கைப் புல், மேலே வெள்ளையாகக் கொட்டும் வானம், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் தோள்கள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால், அடியில் அந்தப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள்கள். அதைத் தட்டிவிட மனசு வரவில்லை. ரொம்ப நாள் அப்படியே வைத்திருந்தேன்.

சமையலறையில் வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தாரும், சற்றுமுன் நேரில் பார்த்துவிட்டு வந்த அதே ஆட்டத்தை டிவியில் மறுபடி போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்கார், இப்போது ஹாஸ்கின்ஸ் வருவான்" என்றார். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு மறுபடி கத்தினோம்.

இப்போது நான் சென்னையில். அங்கே மதியம் 12 என்றால் இங்கே இரவு 10.30. 2025-ல் 27-9 என்று தோற்றபோதும் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன்.

சரி, உங்களுக்கு: ஆன் ஆர்பரில் இந்த ஆட்டம் ஒற்றைப்படை வருடங்களில்தான் நடக்கும், மற்ற வருடங்களில் கொலம்பஸில். மாணவர் சீசன் டிக்கெட் அறிவிப்பு வந்ததுமே வாங்கிவிடுங்கள். மைதானத்துக்குள் பை கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நனைந்துவிடும். 11.30-க்குள் உள்ளே இருங்கள், அந்த பேண்டு ஓடிவருவதைத் தவறவிடாதீர்கள்.