அப்பாவுக்கு இதயத்தின் பம்பிங் 20 சதவீதம்தான், கடைசிக் கட்டம் என்கிறார்கள். இனி ஆபரேஷன் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, கடலூர் முதுநகரில் வலை, கயிறு வியாபாரம் செய்கிறவன். "டாக்டரைக் கேளுங்கள்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: கேட்டுவிட்டுத்தான் இவர் இங்கே வந்திருப்பார்.

உங்களையும் மாத்திரை, உப்புக் குறைப்பு, தண்ணீர் அளவு என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கருவாட்டை நிறுத்தியிருப்பீர்கள். என் அண்ணனுக்கும் அதுதான் நடந்தது. நாற்பதைத் தாண்டிய வயது. ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை, இதயத் தசைதான் விரிந்து பலவீனமாகிவிட்டது. அதனால் ஸ்டென்ட், பைபாஸ் இரண்டுக்கும் அங்கே வேலை இல்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தபடியே தூங்குவார்.

புதுச்சேரியில் ஒரு இளம் டாக்டர்தான் உடைத்துச் சொன்னார்: "நடக்க முடிகிறபோதே சென்னைக்குப் போங்க. ஸ்ட்ரெச்சர்ல போனா லேட்டு." காரணமும் சொன்னார். இடது பக்கம் நெடுநாள் திணறினால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும். அது ஏறி இறங்காமல் நின்றுவிட்டால், ஆபரேஷனில் மாற்று இதயம் வைத்தாலும் அதன் வலது பக்கம் அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் தோற்றுவிடும். கூடவே கிட்னியும் கெட்டால் மாற்று இதயத்துக்கான பட்டியலில் பெயர் சேர்க்கவே தயங்குவார்கள். அதுவரை இதையெல்லாம் எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

சென்னையில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று மாற்று இதயம். இன்னொன்று இதயம் ரத்தத்தைத் தள்ள உதவுகிற எல்விஏடி என்ற பம்ப். இப்போது வைப்பது ஹார்ட்மேட் 3. இதயத்தின் இடது அறையோடு பொருத்துவார்கள். உள்ளே சுழல்கிற பாகம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதப்பதால், பழைய பம்புகளைவிட அதில் ரத்தம் உறைவது மிகக் குறைவு. வயிற்றின் வழியே ஒரு கேபிள் வெளியே வரும், இடுப்பில் கன்ட்ரோலர், இரண்டு பேட்டரி. 2001-ல் வந்த ஆய்வில் அன்றைய பழைய பம்ப் வைத்தவர்களில் பாதிப்பேர்தான் ஒரு வருடம் தாண்டினார்கள், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் கால்வாசிப் பேர். ஹார்ட்மேட் 3 ஆய்வில் ஐந்து வருடம் கழித்தும் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். ஆனால் கேபிள் போகிற இடத்தில் கிருமித்தொற்று, குடலில் ரத்தக்கசிவு, பக்கவாதம் என்று பயங்களும் உண்டு. ஆயுசுக்கும் ரத்தம் உறையாத மாத்திரை.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "கரண்டு போனா?" டாக்டர் சிரிக்கவில்லை. 2011 தானே புயலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு ஜோடி பேட்டரி அதிகபட்சம் 17 மணி நேரம். பம்ப் வைத்தால் வீட்டில் ஜெனரேட்டர் வேண்டும் என்று அவரே சொன்னார். கடைசியில் புயல் தீர்மானிக்கவில்லை, விலை தீர்மானித்தது. எங்களுக்குச் சொன்னது கோடியை நெருங்கியது.

ஆகவே மாற்று இதயம். மருந்து ட்ரிப் ஏற்றி நுரையீரல் அழுத்தம் இறங்கியதும் பட்டியலில் பெயரைச் சேர்த்தார்கள். அண்ணன் ஓ பாசிட்டிவ், அந்த குரூப்புக்குக் காத்திருப்பு அதிகம். எடுத்த இதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும், கூப்பிட்டதும் ஓட வேண்டும், அதனால் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வாடகை வீடு. இங்கேதான் எனக்கு ஆத்திரம். ஹார்ட் பேஷன்ட் என்றதும் ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர், "இங்க ஏதாவது ஆயிட்டா அப்புறம் யாரும் குடிவர மாட்டாங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். மூன்றாமவர் மீன் சமைப்பீர்களா என்றார். முதுநகர்க்காரனிடம்! இதற்கு ஒரு சட்டம் போட்டால் தேவலை.

இதயம் கிடைத்தது. யாருடையது என்று சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தானம் செய்த பிறகுதான் தமிழ்நாட்டில் இது பரவலாகப் பேசப்பட்டது. அண்ணன் இப்போது கடையில் உட்காருகிறார். புது இதயத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தருகிற டாக்ரோலிமஸ் மாத்திரை வேளை தவறக் கூடாது, நிராகரிக்கிறதா என்று கழுத்து ரத்தக்குழாய் வழியே போய் இதயத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். பணக்காரர் கதை என்பவர்களுக்கு: நெல்லிக்குப்பத்தில் இருந்த மனையை விற்றோம்.

நீங்கள் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு என்றால் முதல்வர் காப்பீட்டில் மாற்று இதய ஆபரேஷன் உண்டு, வருமான வரம்பைப் பாருங்கள். கன்னியக்கோயில் பக்கம், புதுச்சேரி கார்டு என்றால் அது செல்லாது. பன்றி இதயம் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புகிற சித்தப்பா உங்களுக்கும் இருப்பார். 2022-ல் அமெரிக்காவில் அதை வைத்தவர் இரண்டு மாதம்தான் இருந்தார். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அப்பா வயதை நீங்கள் எழுதவில்லை. 70-ஐ நெருங்கினால் மாற்று இதயத்துக்குப் பெரும்பாலும் தயங்குவார்கள். பம்பை அந்த வயதிலும் வைக்கிறார்கள். நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, கிட்னி நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் எவ்வளவு, ரத்த குரூப் என்ன, இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு இந்த வாரமே கிளம்புங்கள்.