தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: அம்மம்மாவின் டிரங்குப் பெட்டியில், அம்மப்பா மலாயாவிலிருந்து எழுதிய படத் தபாலட்டைகள் ஒரு கட்டு கிடைத்தது. முத்திரைகளை ஊறவைத்துக் கழற்றி என் அல்பத்தில் சேர்த்துவிட்டு, படங்களை லமினேட் பண்ணிச் சுவரில் மாட்ட நினைக்கிறேன். சரிதானே?
- வாசகர், கோண்டாவில்

பதில்: சரியில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை முதலில் தள்ளி வையுங்கள். மை கரைந்தால் அம்மப்பா எழுதியதே போய்விடும். முத்திரைமேல் பாதி, அட்டைமேல் பாதியாக விழுந்திருக்கும் தபால் குறியும் பிரிந்துவிடும். எந்த ஊரில், எந்த நாளில் போட்டார் என்பதற்கு அந்தக் கறுப்பு வட்டம்தான் சாட்சி.

எங்கள் வீட்டிலும் ஓர் அட்டை இருக்கிறது. படம் கோலாலம்பூர் ரயில் நிலையம். பின்பக்கம் பிள்ளையார் சுழி, ‘சிவமயம்’, பிறகு நுணுக்கி எழுதிய நாலு வரி: காசு கிடைத்ததா, வேலி அடைப்பித்தாயிற்றா. முத்திரை ஆசையில் யாரோ மூலையைக் கத்தரித்துவிட்டார்கள். படத்தில் ஒரு கோபுரமும் போயிற்று, தேதியும் போயிற்று. நிலையம் 1910இல் எழுந்தது, ஆகவே அதற்குப் பிந்தியது என்பது வரை தெரியும். எந்த வருஷத்து வேலி என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தபாலட்டை 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது, மறுவருஷம் பிரிட்டனில். அங்கே கடிதத்துக்கு ஒரு பென்னி, அட்டைக்கு அரைப் பென்னி. சனம் எழுதிக் குவித்தது. ஆரம்பத்தில் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கே. படம் போட்ட அட்டையென்றால் செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கவேண்டும். 1902இல் பிரிட்டன் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் செய்தி எழுத விட்டது. மற்ற நாடுகளும் சில வருஷங்களில் அப்படியே செய்தன. மறுபக்கம் முழுவதும் படத்துக்கு என்றானதும் சேகரிக்கும் மோகம் எங்கும் பரவியது. உங்கள் கட்டில் நடுக்கோடு இல்லாத அட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அதுதான் மூத்தது.

அந்தப் படங்கள் வேறு எத்தனையோ பேரிடம் இருக்கும். அம்மப்பாவின் எழுத்து உங்களிடம் மட்டும்தான். லமினேட் பண்ணினால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. சுவருக்கு ஸ்கேன் பண்ணிய பிரதி போதும். அசலை இறப்பர் பாண்ட் போடாமல், ஈரமும் கறையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். இரு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து ‘நூலகம்’ என்ற நிறுவனத்திடமும் பேசிப் பாருங்கள், இப்படியான ஆவணங்களைத்தான் அவர்கள் பாதுகாக்கிறார்கள்.

1995இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளின் கடிதக் கட்டுகள் தொலைந்தன. உங்கள் பெட்டி தப்பியிருக்கிறது. அட்டைகளில் வரும் பெயர்கள் யாருடையவை என்று சொல்லக்கூடிய பெரியம்மாவோ மாமியோ இருந்தால், இந்தக் கிழமையே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் அல்ல, வேறு தாளில்.