மூளையில் லிம்ஃபோமா என்று சந்தேகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அப்பாவுக்கு 64 வயது. சில வாரமாகப் பேச்சு குழறுகிறது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மூளை லிம்ஃபோமாவாக இருக்கலாம் என்கிறார்கள். வீக்கம் குறைய ஸ்டீராய்டு கேட்டால், "பயாப்ஸி முடியட்டும்" என்கிறார் மருத்துவர். ஏன் இந்தத் தாமதம்?

உங்கள் மருத்துவர் சரியாகத்தான் செய்கிறார். லிம்ஃபோமா என்பது லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களில் வரும் புற்று. அந்தச் செல்களை ஸ்டீராய்டே கொல்லும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்த சில நாளில் கட்டி சுருங்கலாம். சிலருக்கு ஸ்கேனில் தெரியாமலே போய்விடும். பேச்சு திரும்பும், வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது போலிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பயாப்ஸிக்கு எடுக்கும் திசுவில் செத்த செல்களும் அவற்றை விழுங்க வந்த மேக்ரோஃபேஜ்களும்தான் மிஞ்சியிருக்கும். நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. கொஞ்ச காலத்தில் கட்டி மீண்டும் தலைதூக்கும்.

படத்தை மட்டும் நம்பவும் முடியாது. லிம்ஃபோமா பெரும்பாலும் மூளையின் ஆழத்தில், வெண்ட்ரிக்கிள் எனும் நீர் அறைகளை ஒட்டி இருக்கும். சாயம் ஏற்றினால் சீராகப் பளிச்சிடும். கிளையோபிளாஸ்டோமா என்ற வேறு மூளைப் புற்றும் நரம்புறை அழற்சியும் இதே வேஷம் போடும். மண்டையில் சிறு துளையிட்டு எடுக்கும் ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸியே போதும். செல்லின் மேலுள்ள சிடி20 என்ற புரதம் சாயம் ஏற்று, செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 மிக உயர்ந்திருந்தால் பெரும்பாலும் பி-செல் என்ற வெள்ளணுவில் வரும் வகைதான். அரிதாக டி-செல் வகையும் வரும் என்பதால் பேத்தாலஜி அறிக்கையை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: மூளை அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து என்றால் ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். பலருக்கு அப்போதும் பயாப்ஸியில் விடை கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் மருந்தைப் படிப்படியாக நிறுத்தி, அடிக்கடி ஸ்கேன் பார்த்து, கட்டி வளர்ந்ததும் மறுபடி எடுப்பார்கள்.

முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் புற்றுசெல் இல்லை. அப்படியானால் லிம்ஃபோமா இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. மூளைக்குள் கட்டி இருந்தும் நீரில் செல் தென்படாமல் போவது சகஜம். செல்களை வகைபிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தின் அளவு, எம்ஒய்டி88 மரபணு மாற்றம் ஆகியவற்றையும் பார்த்தால் துப்பு கிடைக்க வாய்ப்பு கூடும்.

அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பக்கவாதம், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். விட்டுவிட்டுக் காய்ச்சல். ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி மிக அதிகம். எங்கும் நெறி கட்டவில்லை. புற்று என்று ஒருவர் சொல்கிறார், நம்ப முடியவில்லை.

அவர் சொல்வதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ரத்தக்குழாய்க்குள் வளரும் பெரிய பி-செல் லிம்ஃபோமா என்று ஒரு வகை உண்டு. செல்கள் கட்டியாகத் திரளாமல் நுண்குழாய்களை அடைக்கும். அதனால்தான் பக்கவாதம் போலத் தெரிகிறது. பலருக்கு இறந்த பிறகே கண்டுபிடிக்கப்பட்ட நோய் இது, ஆகவே தாமதிக்க வேண்டாம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் தோலில், தொடை, வயிறு, மேல்கை என்று சில இடங்களில் கொழுப்புவரை ஆழமாகப் பயாப்ஸி எடுத்தாலே விடை கிடைக்கக்கூடும். மூளையைத் தொடவேண்டிய அவசியம் பலருக்கு வராது. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

எச்.ஐ.வி. உள்ள தம்பிக்கு மூளையில் வளையம் போன்ற கட்டி. டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு மருந்து தருகிறார்கள். லிம்ஃபோமாவாக இருந்தால்?

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இரண்டுமே வளையமாகத் தெரியும். ஏறக்குறைய இரண்டு வாரம் மருந்து கொடுத்து மறு ஸ்கேன் எடுப்பது வழக்கம்; சுருங்காவிட்டால் பயாப்ஸி. கூடவே ஸ்டீராய்டும் கொடுத்தால் எது கட்டியைக் கரைத்தது என்றே தெரியாது. தண்டுவட நீரில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏ இருந்தால் லிம்ஃபோமா பக்கம் சந்தேகம் கூடும்.

பயாப்ஸியில் மூளை லிம்ஃபோமா உறுதி. பிறகு கண் மருத்துவரிடமும் விதைப்பை ஸ்கேனுக்கும் அனுப்புவது எதற்கு?

கண்ணுக்குள்ளும் இதே நோய் ஒளிந்திருக்கலாம். பார்வை மங்கல் கூட இல்லாமல் இருக்கும். விதையில் தொடங்கும் லிம்ஃபோமா மூளைக்குப் பரவுவதும் உண்டு. பெட் ஸ்கேனும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் இதற்காகத்தான். நோய் மூளையில் தொடங்கியதா, வேறிடத்திலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும்.