தண்டனை எதற்காக? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, உயிருக்கு உயிர் என்பதுதானே நியாயம்? தத்துவம் பேசுகிறவர்கள் ஏன் இதை ஏற்பதில்லை?

பதில்: ஏற்பவர்களும் உண்டு. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் உங்களைவிடக் கறாரானவர். ஒரு தீவின் மக்கள் சமூகத்தையே கலைத்துவிட்டுப் பிரிவதானாலும், சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனுக்கு மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எழுதினார். அதே கான்ட்தான், ஊர் நன்மைக்காக ஒருவரை வெறும் கருவியாக்கித் தண்டிக்கக் கூடாது என்றும் சொன்னார். பழிக்குப் பழி கேட்பவர்கள் இந்தப் பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: தண்டனையைக் கூட்டினால் பயம் வருமே?

பதில்: மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் ஆளைத் தடுக்கிறது. தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வருவதே முக்கியம் என்று 1764-லேயே இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா எழுதிவிட்டார். பூட்டை உடைக்கப் போகிறவன் ஏழு ஆண்டா, பத்து ஆண்டா என்று சட்டம் புரட்டுவதில்லை. கேமரா இருக்கிறதா என்றுதான் பார்க்கிறான்.

கேள்வி: சிறை திருத்துமா?

பதில்: அடைத்து வைப்பது மட்டும் திருத்தாது. படிப்பு, போதை சிகிச்சை, வெளியே வந்ததும் வேலை, இவை வேண்டும். ஆனால் ‘திருந்தும்வரை உள்ளேயே இரு’ என்று காலவரம்பின்றி வைப்பதும் கொடுமைதான். குற்றத்தின் அளவே உச்சவரம்பாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இதில் பாதிக்கப்பட்டவருக்கு என்னதான் கிடைக்கிறது சார்?

பதில்: பெரும்பாலும் ஒன்றுமில்லை. வழக்கு அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலானதாகிவிடுகிறது; அவர் வெறும் சாட்சி. 1974-இல் கனடாவின் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் டயர்களைக் கிழித்து, ஜன்னல்களை உடைத்து நாசம் செய்தார்கள். அவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திக்கட்டும் என்று நன்னடத்தை அலுவலர் ஒருவர் யோசனை சொன்னார், நீதிபதியும் ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, ‘நாங்கள்தான் செய்தோம்’ என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நஷ்டஈடும் கொடுத்தார்கள். ‘ஏன் என் வீடு? திரும்பவும் வருவீர்களா?’ என்று கேட்க நீதிமன்றக் கூண்டில் இடமேது? சீரமைப்பு நீதி என்று இன்று சொல்லப்படும் முறைக்கு அந்தச் சம்பவம் ஒரு முக்கியத் தொடக்கம்.

கேள்வி: அப்போது கொலை, பாலியல் வன்முறையையும் பேசித் தீர்க்கச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை. அங்கே சிறைத்தண்டனை இருந்தே ஆக வேண்டும். சந்திப்பு அதற்கு மாற்று அல்ல. பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ தாமாகக் கேட்டால், உரிய தயாரிப்போடு சிறைக்குள்ளேயே நடத்தலாம். வரமாட்டேன் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். வந்தவரிடமும் ‘மன்னித்துவிடுங்கள்’ என்று யாரும் கேட்கக் கூடாது.