ஒரு துணிப்பையால் என்ன ஆகிவிடும்?

கேள்வி: நாகர்கோவில் அருகே அனந்தனார் சானல் என்ற பாசனக் கால்வாயின் கரையோரத்தில் குடியிருக்கிறோம். சில மாதங்களாகக் கடைக்குத் துணிப்பை கொண்டு செல்கிறேன். சமையலறைக் கழிவையும் தனியே எடுத்துவைக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகன், "அம்மா ஒரு பையைத் தூக்கினால் உலகம் திருந்திவிடுமா?" என்று கேலி செய்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. இதைத் தொடர்வதில் பயன் உண்டா?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் மகன் உலகக் கணக்கைக் கேட்கிறார்; அந்தக் கணக்கில் உங்கள் பை கண்ணுக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டுவிடுவதே நல்லது. ஆனால் உங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடுவது உலகம் அல்ல, சானல். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல் சாகுபடிக்காக ஜூன் மாதத்தில் திறந்துவிடப்படும்போது, கரையில் இருந்து எறியப்பட்ட கவர்களும் குழந்தைகளின் டயப்பர்களும் அதனோடு மிதந்து சென்று, கிளை வாய்க்காலின் ஒரு சிறிய மடையில் சருகோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அதை அகற்ற, கடைமடை விவசாயி இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் வாரி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மடையின் அகலத்தோடு ஒப்பிட்டால், ஒரு தெருவிலிருந்து செல்லும் கவர்கள் சின்னக் கணக்கு அல்ல.

துணிப்பையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நீரும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாவதால், ஒரு பையைப் பல முறை பயன்படுத்தினால்தான் அது பாலித்தீன் கவரைவிட மேலானதாகும். கல்யாண வீடுகளில் கிடைத்த தாம்பூலப் பைகள் அலமாரி நிறைய இருக்கும்போது, அழகாக இருக்கிறதே என்று புதிதாக ஒன்று வாங்குவது வீண்.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும், வாசலில் மீன் விற்க வரும் அம்மாளிடம் நாம் வெறுங்கையோடு போய் நின்றால் அவர் வேறு எதில்தான் போட்டுத் தருவார்? முன்பெல்லாம் அவருடைய குரல் கேட்டதும் சட்டியை எடுத்துக்கொண்டுதான் வாசலுக்குப் போவோம். அந்தப் பழக்கத்தை மீட்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

பைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது குப்பைக்கு வைக்கும் தீக்குக் கொடுங்கள் என்பதே என் முக்கியமான வேண்டுகோள். நம் மாவட்டத்தில் வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் நிற்கும் விளை இருப்பதால், காலையில் முற்றம் பெருக்கிய சருகோடு கவர்களையும் சேர்த்துக் கொளுத்துவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அப்படிக் குறைந்த வெப்பத்தில் எரியும் பிளாஸ்டிக், குறிப்பாகப் பி.வி.சி. கலந்தது, டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்களை வெளியிடும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் விளக்குமாற்றோடு அருகில் நிற்பவரே. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்குத் தடை விதித்திருந்தன. நீங்கள் தனியே எடுத்துவைக்கும் கழிவைச் சருகோடு அடுக்கடுக்காகக் குழியில் போட்டு, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டால், சில மாதங்களில் வாழைக்கு உரமாகிவிடும். கழிவு மட்டும் மிகுந்தால் நாற்றம் எடுக்கும். அப்போது சருகைக் கூட்டுங்கள்.

தெருவில் உள்ளவர்களுக்குப் புத்தி சொல்லப் புறப்பட வேண்டாம். மீன் வாங்கப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து இன்னொரு சட்டியை எடுத்துப் போங்கள்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பால் பாக்கெட்டின் முனையைத் தனியாக வெட்டி எறிந்தால், நகத்தளவான அந்தத் துண்டை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை. அது நேராக மண்ணுக்கோ சானலுக்கோ போய்விடும். முனை கவரோடு ஒட்டியிருக்கும்படி கீறி, பால் ஊற்றிய கவரைக் கழுவிக் காயவைத்தால், பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். நாளைக் காலையில் கத்தரிக்கோலை மகன் கையில் கொடுத்துப் பாருங்கள்.