ஏர்போர்ட் வேலைக்கு ஒன்றரை லட்சம் கட்டலாமா?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறான், வயது 19. விமான நிலையத்தில் ரன்வே பக்கம் வேலை பார்க்க வேண்டும் என்கிறான். ஒன்றரை லட்சம் கட்டிப் படித்தால் வேலை உறுதி என்கிறது ஒரு பயிற்சி நிலையம். கட்டலாமா? செட்டிநாட்டில் கிடக்கிற போர்க்காலத்து ரன்வேயைத் திறந்தால் உள்ளூரிலேயே வேலை கிடைக்குமா?"

கட்டாதீர்கள் ஆச்சி. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்துத் தம்பிக்கு ஹெவி லைசென்ஸ், அதாவது லாரி, பஸ் போன்ற கனரக வண்டி ஓட்டும் உரிமம், வாங்கிக் கொடுங்கள்.

விமானத்தைச் சுற்றித் தரையில் நடப்பதில் பெரும்பகுதி வண்டி வேலைதான்: பெட்டி இழுக்கும் டிராக்டர், ஏணி வண்டி, விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் புஷ்பேக் வண்டி. இந்தத் தரை வேலைகளைச் செய்யும் ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸ் நிறுவனம் 'ராம்ப் சர்வீஸ் எக்ஸிகியூட்டிவ்' என்ற வேலைக்குக் கேட்பது மூன்றாண்டு டிப்ளமோ அல்லது ஐடிஐ, கூடவே ஹெவி லைசென்ஸ். நேர்முகத்தன்று வண்டி ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். ஹெவி லைசென்ஸ் எடுத்து சரக்கு, பயணிகள் வண்டி ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஓடியிருக்க வேண்டும். ஆகவே கார் லைசென்ஸை இந்த மாதமே எடுக்கட்டும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் தம்பி ஆசைப்படுவது ரன்வே. அது வேறு வாசல். விமானம் நிற்கும் இடம்வரைதான் மேலே சொன்னது போன்ற நிறுவனங்களின் எல்லை. ரன்வேயைச் சோதிப்பது விமான நிலையத்தை நடத்துபவர்களின் ஆட்கள். ஜீப்பில் போய் ஓரத்தில் நின்று, விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு டவரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் சொன்னதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்ன பிறகுதான் டயர் ரன்வேயில் பட வேண்டும். பிறகு கண்ணை விரித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை: உடைந்த விளக்கு, செத்த பறவை, பெயர்ந்த தார், ஒரு போல்ட். போல்ட்தானே என்று தோன்றும். 2000-ஆம் ஆண்டு பாரிஸில் கான்கார்ட் விமானத்தின் டயரைக் கிழித்தது வேறொரு விமானத்திலிருந்து விழுந்த, ஒரு முழ நீளங்கூட இல்லாத உலோகத் தகடு. 113 பேர் இறந்தார்கள்.

இந்திய விமான நிலைய ஆணையத்தில் ரன்வேயைக் கவனிக்கும் இந்தப் பிரிவில் அதிகாரியாகச் சேர இன்ஜினியரிங் பட்டம் வேண்டும், இல்லையென்றால் பி.எஸ்சி.யும் எம்.பி.ஏ.வும். டிப்ளமோ இருப்பதால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். காரைக்குடியிலேயே அழகப்ப செட்டியார் அரசுக் கல்லூரி இருக்கிறது. எனக்குக் கேட்டால், மதிப்பெண் நன்றாக இருந்தால் முதலில் இதைத்தான் யோசிப்பேன்.

எந்த வாசலில் போனாலும் உள்ளே நுழைய பாஸ் வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. கோவில் திருவிழா அடிதடியில் பெயர் சேர்ந்திருந்தால்கூட இழுக்கும். வேலைக்கு வருகிறவர்களைத் திடீரென்று வாயை ஊதச் சொல்லிச் சோதிப்பார்கள். முந்தின இரவு குடித்ததும் அதில் தெரியலாம்.

செட்டிநாட்டு ரன்வேயை நம்பிக் காத்திருக்க வேண்டாம். திருச்சி, மதுரை இரண்டுமே பக்கம்தான். ஆனால் விடிகாலை நாலு மணி ஷிப்டுக்குப் பள்ளத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாது. அங்கே ஓர் அறை வாடகைக்கு எடுக்க வேண்டிவரும். மிச்சமான பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.