பசிக்குதான்னு வயித்தக் கேளுங்க

கேள்வி: ஆறு மாசமா கீட்டோ, ஓட்ஸ், புரோட்டீன் பவுடர்னு மாத்தி மாத்தி டயட் இருக்கேன் மேடம். ஆப்ல கலோரி எண்ணி எண்ணி இப்ப சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு. பழையபடி வீட்டு சாப்பாட்டுக்கே வந்துடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமா வாங்கம்மா. அந்த பயம்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு, மொதல்ல அந்த ஆப்ப எடுத்துடுங்க. காலையில நல்லா பசிச்சதும் ராத்திரி தண்ணி ஊத்தி வச்ச பழைய சோத்துல மோர் விட்டு சின்ன வெங்காயம் கடிச்சு சாப்பிடுங்க, இல்லன்னா கேப்பைக்கூழ், 100 கிராம் கேப்பையில சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, வெள்ளை அரிசியில அது 10 கிட்டதான், நம்ம பாட்டிங்க அதக் குடிச்சுட்டுத்தான் காட்டு வேலைக்கே போனாங்க. மதியம் சோறு, பருப்பு, கீரை, ஒரு பொரியல் போதும். வயிறு நிறைஞ்சது மூளைக்கு எட்டவே சுமார் 20 நிமிஷம் ஆகும், அதனால போன தள்ளி வச்சுட்டு மெதுவா மென்னு சாப்பிடுங்க, போதும்னு தோணுனா தட்டுல மிச்சம் இருந்தாலும் எந்திரிச்சுடுங்க. சுகர் மாத்திரை போடுறவங்களா இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு சாப்பாட்டு நேரத்த மாத்துங்க. அந்த பயம் அப்புறமும் போகலன்னா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்கம்மா.